பூகம்பராஜாவின் கீழ்த்தாடை

என் நாத்தனார் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு ராட்சதன் நிற்கிறான். அதே ராட்சதன் என் வீட்டில் பல வருடமாகப் படுத்தே கிடக்கிறான். எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் தகராறு இவ்வளவுதான். வீடு, நகை என்று வேறு ஏதாவது கற்பனை செய்துகொண்டு வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

ராட்சதனின் பெயர் பூகம்பராஜா. டிவியில் 'பூகம்பப் படை' என்று ஒரு தொடர் வந்தது. கலர் கலராகத் தலைக்கவசம் போட்ட ஐந்து பேர் தாவித் தாவிச் சண்டை போடுவார்கள். வாரத்துக்கு ஓர் அரக்கன் வந்து இருக்கிற கட்டடத்தையெல்லாம் மிதிப்பான். ஐந்து பேரும் கையை உயர்த்திக் கத்தினால் ஐந்து டைனோசர் இயந்திரங்கள் ஓடி வரும். மடங்கும், திரும்பும், ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். முக்கொம்பன் இடது கால். முதுகில் தட்டு வைத்தவன் வலது கால். நீளக்கழுத்தன் இரண்டாகப் பிரிந்து இரண்டு கை. பறக்கிறவன் தலை. நடு உடம்பு டி-ரெக்ஸ். ஐந்தும் சேர்ந்தால் பூகம்பராஜா.

அந்தப் பொம்மைகளைத்தான் நான் சேர்க்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதற்கென்ன இப்போது? நான் பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பட்டறையில் உட்கார்ந்து பல்லும் ஈறும் செய்து கொடுப்பேன். மேல்வரிசை கீழ்வரிசையோடு அலுங்காமல் பொருந்த வேண்டும், அதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவளுக்கு, ஐந்து மிருகங்கள் பசையும் இல்லாமல் ஆணியும் இல்லாமல் ஒரே உடம்பாவதைப் பார்த்தால் சந்தோஷம் வராமல் என்ன செய்யும்? பூகம்பராஜாவைக் கையில் எடுத்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஆனால் என்னுடைய டி-ரெக்ஸுக்குக் கீழ்த்தாடை இல்லை. விற்றவன், "தாடை ஒண்ணுதாங்க இல்ல, மத்தபடி புத்தம் புதுசு" என்றான். பாவி. அந்தத் தாடை வெறும் வாய் இல்லை. ஐந்தும் சேரும்போது அதைக் கழற்றித் திருப்பி இடுப்புப் பள்ளத்தில் செருக வேண்டும். காலையும் உடம்பையும் பூட்டுவதே அதுதான். அது இல்லாவிட்டால் ராஜா இடுப்பொடிந்து மல்லாந்து விடுவார்.

என் நாத்தனாரிடம் தாடையோடு இருந்தது. அவள் என் கணவரின் தங்கை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். கீழே கடை, மேலே வீடு. ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்துச் சோதித்து அவளுக்குக் கண் கழுகுக்கண் ஆகிவிட்டது. இந்தச் சேகரிப்பே என்னைப் பார்த்து ஆரம்பித்ததுதான். ஆரம்பித்த கையோடு முழு செட்டையும் வாங்கி அலமாரியில் நிறுத்திவிட்டாள். எனக்கு வயிறு எரிந்ததா என்று கேட்காதீர்கள். எரிந்தது.

போதாக்குறைக்கு, பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பாள்.

"உங்க ராஜா எப்படி இருக்காரு அண்ணி? இன்னும் பெட் ரெஸ்ட்தானா?"

வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒருமுறை கேட்டேன். "தாடையை ஒரு நாள் குடு, அச்சு எடுத்துட்டுத் திருப்பித் தரேன்" என்றேன். "அதுக்கென்ன அண்ணி, பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டாள். இனிமேல் இவளிடம் கேட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் தாடிக்காரர் கூட்டம் போட்டார். பூகம்பப் படைப் பொம்மை சேர்ப்பவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தாடியைப் பார்த்து நாங்களே ஒத்துக்கொண்டோம். அவர் நடத்தும் கண்காட்சியில் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, ரோபோவை மேஜையில் நிறுத்தியதும் அவர் முஷ்டியால் மேஜையைக் குத்துவார். விழாமல் நின்றால்தான் அது சேர்ந்த ரோபோ, விழுந்தால் வெறும் உதிரி. இரண்டு, ஏதாவது ஒரு பாகம் ஒரிஜினல் இல்லையென்றால் காலடியில் நீல ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும். ஒட்டாமல் பிடிபட்டவர்களை அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். மற்றவர்கள் சொல்வார்கள், ஆயுளுக்கும்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்ததும் எனக்கு ஒரே எண்ணம்தான். ஒரே ஒரு தடவையாவது என் ராஜா அத்தனை பேர் முன்னால் நிற்க வேண்டும்.

என் மாமியார் மகளோடுதான் இருக்கிறார். அவருடைய பல் செட் நான் செய்தது. ஈறு கடிக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? கணவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கைப்பையில் அச்சு எடுக்கும் சிலிகான் மாவு இரண்டு டப்பா. வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் ரப்பராக இறுகிவிடும்.

என் கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மேலேயும் போவார், கீழேயும் போவார், எந்தப் பக்கமும் நிற்க மாட்டார். அம்மா, தங்கை, மனைவி மூன்று பேர் இருக்கிற குடும்பத்தில் அது ஒரு பெரிய திறமை. 

"உங்க தங்கச்சியப் பேச்சுல புடிச்சு வைங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நான் எதையும் பாக்கல, எதையும் கேக்கல" என்றார்.

சாப்பாடு முடிந்தது. மாமியார் பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். நாத்தனார், "கடையில ஒருத்தருக்கு ஃப்ரேம் குடுக்கணும், வந்துடறேன்" என்று கீழே இறங்கினாள். நான் திரும்பிப் பார்த்தேன். எப்போதும் பூட்டியே கிடக்கும் அலமாரியில் அன்று சாவி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை.

ராஜாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தாடையை மெல்ல உருவினேன். கூடவே கண்ணாடி போலத் தெளிந்த, ரப்பர் மாதிரி ஒரு சின்ன வில்லையும் வந்தது. ஏதோ தூசுக்கு வைத்திருக்கிறாள் போல என்று அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு, ராஜாவைச் சாய்த்து நிறுத்தி, பாத்ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன்.

வெறுங்கையால்தான் பிசைய வேண்டும். ரப்பர் கையுறை போட்டால் இந்த மாவு இறுகாது, பட்டறைக்கு வந்த புதிதில் திட்டு வாங்கிக் கற்றது. நீலமும் வெள்ளையும் ஒன்றாகும்வரை பிசைந்து, தாடையில் பாதியை அழுத்தி, வாஸ்லின் தடவி, மறுபாதியை மேலே மூடினேன். வாஷ்பேசின் ஓரத்தில் கிண்ணத்துத் தண்ணீருக்குள் மாமியாரின் பல் செட் என்னைப் பார்த்து இளித்தது. நேரில் அவர் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததே இல்லை.

கதவு தட்டப்பட்டது.

"அண்ணி! உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வயிறு கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு."

"நான் சமைச்சது சேரலையா?"

"சே சே, அதெல்லாம் இல்ல. நீ போ, வரேன்!"

"மெதுவா வாங்க அண்ணி. அவசரமே இல்ல" என்றாள். குரலில் தேன் ஒழுகியது. வெளியே என் கணவர், மழை பெய்யுமா பெய்யாதா என்று தங்கையிடம் தீவிரமாகப் பேச ஆரம்பித்தார். அந்த மனிதரிடம் வேறு விஷயமே கிடையாது.

மாவு இறுகியதும் அச்சைப் பிரித்துப் பையில் போட்டேன். தாடையைக் கழுவித் துடைத்துக் கைக்குட்டையில் சுருட்டி எடுத்து வந்தேன். நாத்தனார் டீ போட உள்ளே போன சமயம் பார்த்து தாடை, வில்லை எல்லாவற்றையும் பழையபடி செருகினேன். கிளம்பும்போது, கடிக்கிற இடத்தைச் சரிசெய்து தருகிறேன் என்று மாமியாரின் பல்லையும் வாங்கிக்கொண்டேன். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பட்டறையில் முதலாளி வெளியே போன நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். நிறம்தான் முதல் கேள்வி. தாடை பழைய எலும்பு நிறம். நோயாளியின் பல்லுக்கு நிறம் பார்க்கும் குச்சிகளை அதை நினைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். காலமெல்லாம் டீயே கதி என்று இருந்தவரின் பல்லுக்குக் கொடுக்கும் நிறம் அச்சாக ஒத்துப் போயிற்று. பொடியையும் திரவத்தையும் குழைத்து ஊற்றி, இறுகியதும் வெளியே எடுத்துத் தேய்த்தேன். செருகுகிற முளை கொஞ்சம் குட்டையாக இருப்பது போலப் பட்டது. தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். தேய்ந்த பல்லைத் தேய்ந்த மாதிரியே செய்து அனுப்பினால் நான் என்ன தொழில்காரி? மயிரிழை அளவு கூட்டி வைத்து, குறித்து வைத்திருந்த இடுப்புப் பள்ளத்தின் அளவுக்குத் தக்கபடி இழைத்து, பளபளவென்று மெருகேற்றினேன். பக்கத்திலேயே மாமியாரின் பல் செட்டையும் சரிசெய்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து செருகினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. கையை எடுத்தேன். என் ராஜா நின்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேஜையை அவரே குத்திப் பார்த்தார். அசையவில்லை. 

"அப்பாடா, முடிஞ்சுது. இனிமே நிம்மதியா இரு" என்றார்.

இருந்திருக்கலாம். அன்று இரவுச் சாப்பாடு வரைக்கும் இருந்தேன். பிறகு அந்த நீல ஸ்டிக்கர் ஞாபகத்துக்கு வந்தது. என் ராஜாவின் காலடியில் நீல ஸ்டிக்கர். பக்கத்து மேஜையில் ஸ்டிக்கர் இல்லாத அவள் ராஜா. "பரவாயில்ல அண்ணி, டூப்ளிகேட்டா இருந்தாலும் எழுந்து நடமாடறாரே" என்று அவள் சொல்லப்போவது எனக்கு இப்போதே கேட்டது. ஸ்டிக்கர் ஒட்டாமல் போகலாம் என்றால், அந்தக் கழுகுக்கண் பக்கத்தில் இருக்கும்.

வழி ஒன்றுதான். என் தாடை அவளுக்கு, அவள் தாடை எனக்கு. நிறம் அதே நிறம், அச்சு அதே அச்சு. யாருக்கு நஷ்டம்? அவளுக்குத் தாடை இல்லாமலா போகிறது? என் மனசாட்சியிடம் இப்படிப் பேசி அதை ஒருவழியாகத் தூங்க வைத்தேன். கையோடு அச்சைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். தடயம் இருக்கக் கூடாது அல்லவா?

மாமியாருக்குப் பல் கொடுக்கும் சாக்கில் மறுபடி போனேன். மறுபடி நாத்தனாருக்குக் கடையில் யாருக்கோ ஃப்ரேம் கொடுக்க வேண்டியிருந்தது. மறுபடி அலமாரியில் சாவி தொங்கியது. அவள் தாடையை உருவி என் தாடையைச் செருகினேன். அந்த ரப்பர் வில்லைக்கு இப்போது இடமே இல்லை, அவ்வளவு கச்சிதம். வில்லையை என் பையில் போட்டுக்கொண்டேன். மாமியார் பல்லை மாட்டிக் கடித்துப் பார்த்து, "இப்பதான் சரியா இருக்கு" என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய பட்டம். நான் மிதந்துகொண்டே வீடு வந்தேன்.

வந்ததும் ஒரிஜினல் தாடையை என் ராஜாவுக்குச் செருகினேன். 

ராஜா மல்லாந்தார்.

திருப்பிச் செருகினேன். அழுத்தினேன். வேண்டிக்கொண்டேன். மறுபடியும் மல்லாந்தார். பல்லுக்குப் பல் பார்க்கிற என் கண்ணுக்கு அப்போதுதான் விஷயம் ஏறியது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உட்பக்கம் குமிழி குமிழியாக இருந்தது. தொழிற்சாலையில் வார்த்தது அப்படி இருக்காது. யாரோ வீட்டில் ஊற்றியெடுத்தது. நாத்தனாரின் தாடையே போலி! யாரோ அவள் தலையில் கட்டியிருக்கிறான். அவளும் வெளியே சொல்லாமல், மூக்குக்கண்ணாடியில் மூக்கின் மேல் உட்காருமே, அந்த ரப்பர் வில்லையை முட்டுக் கொடுத்து இத்தனை காலம் ராஜாவை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

நான் என் கையால் செய்த நல்ல தாடையைக் கொண்டுபோய் அவள் வீட்டில் வைத்துவிட்டு, சொத்தைத் தாடையைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறேன். அச்சையும் வெட்டிப் போட்டாயிற்று. என்னை நானே அறைந்துகொள்ளாத குறை. வில்லையை வைத்து முட்டுக் கொடுக்கலாம் என்று பையைக் கவிழ்த்துத் தேடினால், அது எங்கேயோ விழுந்து தொலைந்திருந்தது.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"மழை வருமான்னு பாருங்க, போங்க!" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். முட்டுக்கு ஒரு துண்டு மெழுகை உருட்டி வைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்டிக்கர் ஒட்டவில்லை. எந்த நேரத்தில் எந்த மூளை வேலை செய்ததோ தெரியாது, போலி என்று தெரிந்தும் ஒட்டவில்லை. ஒட்டினால் ஏன் என்று அவள் கேட்பாளே?

கூடம் நிறைய மேஜைகள். நாத்தனார் எனக்கு அடுத்த மேஜையில் நின்றாள். அவள் ராஜா நிமிர்ந்து நின்றார். அவர் காலடியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீல ஸ்டிக்கர்!

தாடிக்காரர் முதலில் அவள் மேஜைக்கு வந்தார். முஷ்டியை ஓங்கிக் குத்தினார். டீ கிளாஸ் குதித்தது, ராஜா அசையவில்லை.

"ஸ்டிக்கர் எதுக்கு?" என்றார்.

"தாடை ஒரிஜினல் இல்லீங்க. செஞ்சது."

"செஞ்சதா? இவ்வளவு சுத்தமா யாரு செஞ்சாங்க?"

"சொல்றேன். முதல்ல அண்ணியோடதப் பாருங்க."

தாடிக்காரர் என் மேஜையைக் குத்தினார். மெழுகு பிதுங்கியது. ராஜா இடுப்பொடிந்து சாய்ந்தார், முக்கொம்பன் ஒரு பக்கம் ஓடினான், தாடை தெறித்து நாற்காலிகளுக்குக் கீழே போயிற்று. நான் அத்தனை பேர் முன்னால் தவழ்ந்து போய்த் தேடினேன். எனக்கு முன்னால் ஒரு கை அதை எடுத்தது.

நாத்தனாரும் நாற்காலிக்கடியில் குந்தியிருந்தாள். கடையில் போடும் பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டியிருந்தாள், படுபாவி.

"இது என்னோடது அண்ணி" என்றாள் மெதுவாக. "உங்களோடது அங்க நிக்குது."

"என்ன உளர்ற?"

"உட்பக்கம் ஒரு முக்கோணம், அதுக்குள்ள ஒரு புள்ளி. அம்மா பல் செட்ல இருக்கறதே, அது. தினமும் நான்தானே கழுவறேன்?"

எங்கள் பட்டறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பல் செட்டிலும் அந்தக் குறி இருக்கும். வேலை முடிந்ததும் கை தானாகப் போடும். மாமியார் பல்லையும் தாடையையும் ஒரே மேஜையில் வைத்து முடித்த அன்று, என் கை இரண்டிலும் போட்டிருக்கிறது. கைக்கு என்ன தெரியும், எது நியாயமான வேலை, எது திருட்டு வேலை என்று?

எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. 

"தெரிஞ்சே சாவிய விட்டுட்டுப் போனியா?"

"பின்ன? என்னோடது போலின்னு சொல்லி, செஞ்சு குடுங்கன்னு கேட்டா, நீங்க ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பீங்க. அச்சு எடுத்துட்டு விட்டுடுவீங்க, அதுக்கப்புறம் ஒண்ணு கேட்டு வாங்கிக்கலாம்னு நெனச்சேன். மாத்தியே வெச்சுட்டுப் போவீங்கன்னு சத்தியமா எதிர்பாக்கல அண்ணி. மனசு நெறஞ்சுபோச்சு."

சிரித்திருப்பேனா? சிரித்திருப்பேன்.

அவள் எழுந்தாள். தன் ராஜாவின் இடுப்பிலிருந்து தாடையை உருவினாள். அவள் ராஜா மேஜையில் சாய்ந்தார். சிதறிக் கிடந்த என் கால்களையும் கைகளையும் பொறுக்கி மாட்டி, அந்தத் தாடையை என் ராஜாவின் இடுப்பில் செருகினாள். 'டக்'. தன் மேஜையிலிருந்த நீல ஸ்டிக்கரைப் பிய்த்து என் ராஜாவின் காலடியில் ஒட்டினாள்.

"இப்பக் குத்துங்க" என்றாள் தாடிக்காரரிடம்.

அவர் குத்தினார். மறுபடி குத்தினார். என் ராஜா அத்தனை பேர் முன்னால் நின்றார்.

"செஞ்சது யாருன்னு கேட்டீங்கல்ல? எங்க அண்ணிதான்!" என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அவ்வளவுதான், ஆளாளுக்கு வந்து மொய்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கு வால் இல்லை, ஒருவருக்குக் கொம்பு இல்லை, ஒருவருக்கு நீளக்கழுத்தனின் கழுத்தே இல்லை. என் கணவர் ஓரமாக நின்று ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் விலகியதும் பார்த்தேன். நாத்தனார் தன் ராஜாவைப் பெட்டியில் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவளுடையவர் படுத்திருந்தார், என்னுடையவர் நின்றார். எவ்வளவு காலமாக ஏங்கியது! ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை.

"உன் ராஜாவுக்கு எவ்வளவு நாள் பெட் ரெஸ்ட்?" என்றேன்.

"டாக்டர் நீங்கதானே, நீங்களே சொல்லுங்க. அப்புறம், இடது காலும் கொஞ்சம் ஆடுது அண்ணி."

"சரி. அச்சு எடுக்க எப்ப வரட்டும்?"

அவள் பெட்டியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப வாங்க. எனக்குக் கடையில ஃப்ரேம் குடுக்கற வேலை இருக்கும். சாவி பூட்டுலயே தொங்கும்."